சுங்கானின் மரத்தில் உப்புத்தாள் வேண்டாம்

வணக்கம். பழைய பொருள் கடையில் இங்கிலாந்தில் செய்த பிரையர் மரச் சுங்கான் (புகை பிடிக்கும் குழாய்) ஒன்று கிடைத்தது. வாயில் வைக்கும் தண்டு, கறுப்பாக இருக்க வேண்டியது, பச்சையும் பழுப்புமாக இருந்தது. கொதிநீரில் போட்டேன், நிறம் இன்னும் கெட்டு, கந்தக வாடை அடிக்கிறது. மொத்தத்தையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடலாமா?
க.

அன்புள்ள க.,

தண்டை மட்டும் தேயுங்கள். அது வல்கனைட், அதாவது கந்தகம் சேர்த்து இறுக்கிய ரப்பர். வெளிச்சம் பட்டுப் பட்டு அதன் மேல்தோல் கெட்டுவிடும். வெந்நீர் அதை இன்னும் வேகப்படுத்தும். எபொனைட் பேனா வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை பழக்கம், இரண்டும் ஒரே பொருள்தான். உள்ளே கறுப்பு அப்படியே இருக்கிறது, கவலை வேண்டாம்.

400 நம்பர் வாட்டர் பேப்பரை, அதாவது ஈரத்தில் தேய்க்கும் உப்புத்தாளை, தண்ணீரில் நனைத்துத் தொடங்குங்கள். பிறகு 600, 1000, 2000. ஈரத்தில் எல்லாமே கறுப்பாகத்தான் தெரியும், அதை நம்பாதீர்கள். துடைத்துக் காயவைத்து வெயிலில் பார்த்தால், பல் பிடிக்கும் விளிம்பின் அடியில் பழுப்பு ஒளிந்திருக்கும். அது போகாமல் அடுத்த நம்பருக்குப் போனால் திரும்ப வர வேண்டியதுதான். மரத்தோடு சேரும் முனையின் ஓரம் மழுங்கிவிட்டால் பொருத்தும்போது இடைவெளி தெரியும். பிளாஸ்டிக் மூடியில் ஒரு வளையம் வெட்டி அங்கே மாட்டிக்கொண்டு தேயுங்கள். தண்டில் முத்திரை இருந்தால் அதைச் சுற்றி விட்டுவிடுங்கள்.

மரத்துக்கு ஈரத்துணி போதும். பக்கவாட்டில் பதித்த எழுத்துதான் அது எங்கே, யார் செய்தது என்று சொல்லும். உப்புத்தாள் பட்டால் அது போயிற்று, மதிப்பும் போயிற்று. புகையிலை போடும் கிண்ணத்துக்குள் படிந்த கரியை மழுங்கிய கத்தியால் சுரண்டி, 1 மி.மீ. அளவுக்குச் சீராக விடுங்கள். தடித்த கரி சூட்டில் விரியும், மரம் அதற்கு ஈடுகொடுக்காமல் வெடிக்கும்.

பழைய வாடைக்கு: தண்டைக் கழற்றி, மரக்குழாயின் துளையைப் பஞ்சுத்திரியால் அடைத்து, கிண்ணத்தில் பஞ்சை நிரப்பி, 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைச் சொட்டுச் சொட்டாக விட்டு ஓர் இரவு வையுங்கள். காலையில் பஞ்சு பழுப்பாகியிருக்கும். வெளுப்பாகவே வரும்வரை புதுப் பஞ்சு மாற்றுங்கள். வெளிப்பக்கம் சொட்டினால் மரத்தின் சாயம் கரையும். மருந்துக்கடையில் கிடைக்கும் 70 சதவீதம் வேண்டாம், அதிலுள்ள தண்ணீருக்கு மரம் உப்பும்.

ஒரு வாரம் காயட்டும். பிறகு கார்னோபா மெழுகுப் பசையைத் துணியில் தொட்டு மெல்லிசாகப் பூசித் தேயுங்கள். அப்போதும் தண்டு இறுக்கமாக இருந்தால் தள்ளாதீர்கள், மரம் இன்னும் உப்பியிருக்கிறது. இரண்டு நாள் கழித்து மெல்லத் திருகிப் பாருங்கள்.