அபார்ட்மென்ட்ல ஜில்ஸ் ப்ராக்டிஸ்: குரோஷே கவர் போட்டுப் பாருங்க

பெல்லி டான்ஸுக்கு ஜில்ஸ் (கட்டைவிரல்லயும் நடுவிரல்லயும் மாட்டித் தட்டற குட்டிப் பித்தளைத் தாளம்) வாசிச்சா கீழ் வீட்ல இருந்து கம்ப்ளெய்ன்ட் வருதுன்னு எழுதியிருந்தீங்க. பெங்களூர் அபார்ட்மென்ட்ல ராத்திரி பித்தளைச் சத்தம் நல்லாவே கேட்கும்தான், அதுக்காக விட்டுடாதீங்க ப்ளீஸ், கைப்பழக்கம் போயிடும்.

ஒவ்வொரு ஜில்லுக்கும் குட்டித் தொப்பி மாதிரி குரோஷே (கொக்கி ஊசியால நூல் பின்றது) கவர் போடுங்க. மேஜிக் ரிங்ல (இழுத்தா இறுகற நூல் வளையம்) 6 சிங்கிள் குரோஷே (அடிப்படைத் தையல்), அடுத்த ரவுண்டு 12, அப்புறம் 18, 24ன்னு ஏத்திட்டே போய், ஜில் மேல வச்சு வச்சுப் பாத்து விளிம்பு அளவு வந்ததும் நிறுத்தி, ஒரு ரவுண்டு ஏத்தாம போட்டுட்டு, கடைசி ரவுண்டுல குறைச்சா விளிம்பைக் கவ்விக்கும். தட்டற பக்கம் மூடியிருக்கணும், திறப்பு விரல்ல மாட்டற எலாஸ்டிக் பக்கம் வரணும், எலாஸ்டிக் மேல நூல் ஏறவே கூடாது, ஏறினா விரல்ல சரியா நிக்காது.

தடிமனான அக்ரிலிக் நூல் சத்தத்தை நல்லா அமுக்கும். மெல்லிசு காட்டன்னா டிக் டிக்னு லேசா கேட்கும், எனக்கு அதுதான் பிடிக்கும், தாளம் தப்பினா காதுக்குத் தெரியணும்ல. பெங்களூர் சிக்பேட் கடைவீதிப் பக்கம் போனா நூல் பாத்து வாங்கலாம். பகல்ல கட்டைவிரல் ஜில்லுக்கு மட்டும் கவர் போட்டாலே ரீங்காரம் நல்லாக் குறைஞ்சிடும்.

முடிச்சதும் கவரைக் கழட்டி ஜில்லைத் துடைச்சு வைங்க, வியர்வை ஈரம் நின்னா பித்தளை கறுத்துடும்.