போலந்தும் பிரிட்டனும் இனி எப்படி? – கேள்வி பதில்

போலந்து–பிரிட்டன் பொருளாதார, பாதுகாப்பு உறவு பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில். ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டே போய்விட்ட பிரிட்டனோடு போலந்துக்கு இன்னும் என்ன கொடுக்கல் வாங்கல், சார்?

நிறைய இருக்கிறது. ஆனால் அதன் அச்சாணி மாறிவிட்டது. 2004 மே 1 அன்று போலந்து ஒன்றியத்தில் சேர்ந்தபோது, அந்நாட்டுத் தொழிலாளர்களுக்கு உடனே கதவு திறந்த பழைய உறுப்பு நாடுகள் மூன்றே: பிரிட்டன், அயர்லாந்து, சுவீடன். அதன்பின் பல ஆண்டுகள் இந்த உறவு என்றால் வேலை தேடிப் போனவர்கள்தான். பிரெக்ஸிட் என்ற பிரிட்டனின் விலகல் அந்த வழியை அடைத்தது. இப்போது உறவைத் தாங்குவது ராணுவம். 2017 டிசம்பரிலேயே அப்போதைய பிரிட்டிஷ் பிரதமர் தெரசா மே போலந்தின் தலைநகர் வார்சாவுக்குப் போய்ப் பாதுகாப்பு ஒப்பந்தம் போட்டார். 2025 ஜனவரியில் பிரிட்டிஷ் பிரதமராக ஸ்டார்மர் அங்கே போய், போலந்துப் பிரதமர் டஸ்க்கோடு சேர்ந்து புதிய ஒப்பந்தத்துக்கான பேச்சைத் தொடங்கிவைத்தார்.

கேள்வி: பிரிட்டன் ஆயுதம் விற்கிறது, போலந்து வாங்குகிறது. இதற்குப் போய் ‘கூட்டுறவு’ என்று பெயரா?

பாதி நியாயமான கிண்டல். 2023 ஏப்ரலில் ‘பிலிட்சா பிளஸ்’ என்ற வான் பாதுகாப்புத் திட்டத்துக்கு எம்பிடிஏ என்ற ஏவுகணை நிறுவனத்தின் பிரிட்டிஷ் கிளையிடம் காம் ஏவுகணைகளை வாங்கப் போட்ட ஒப்பந்தம் 190 கோடி பவுண்டு. அதே ஆண்டு நவம்பரில் ‘நரேவ்’ என்ற இன்னொரு வான் பாதுகாப்புத் திட்டம்: ஆயிரத்துக்கும் மேற்பட்ட காம்-ஈஆர் ஏவுகணைகள், நூற்றுக்கும் மேற்பட்ட ஏவு வாகனங்கள், 400 கோடி பவுண்டுக்கு மேல். இது வரைக்கும் வியாபாரம்தான்.

ஆனால் நரேவ் ஒப்பந்தத்தில் தொழில்நுட்பக் கைமாற்றமும் சேர்ந்திருக்கிறது. ஏவுகணைகளின் உற்பத்தியில் போலந்தின் அரசு ஆயுதக் குழுமமான பிஜிஇசட்டுக்கும் பங்கு உண்டு. கப்பல் விஷயம் இன்னும் தெளிவு. ‘மியெச்னிக்’ திட்டத்தின் மூன்று போர்க்கப்பல்களுக்கு வரைபடம் பிரிட்டனின் பாப்காக் நிறுவனத்துடையது, அதன் பெயர் ஆரோஹெட் 140. கட்டுவது கிடினியா துறைமுகத்தில், போலந்துக்காரர்கள். அதே வடிவத்தை அடிப்படையாகக் கொண்ட டைப் 31 கப்பல்களைப் பிரிட்டன் தனக்காக ஸ்காட்லாந்தின் ரோசைத்தில் கட்டிக்கொண்டிருக்கிறது. ஒரே குடும்பத்துக் கப்பல் இரண்டு கடற்படையிலும் ஓடினால் உதிரிபாகம், பழுதுபார்ப்பு, பயிற்சி எல்லாம் முப்பது நாற்பது வருடத்துக்கு இரு தரப்பையும் கட்டிப்போடும். பிரதமர்கள் கைகுலுக்கும் படங்களைவிட எனக்கு இதில்தான் நம்பிக்கை.

கேள்வி: ரஷ்யா நிஜமாகவே கை வைத்தால் பிரிட்டன் வருமா? 1939-ஐ மறந்துவிடலாமா?

போலந்துக்காரர்கள் மறக்கவில்லை. 1939 ஆகஸ்ட் 25 அன்று லண்டனில் உதவி ஒப்பந்தம் கையெழுத்தானது, ஒரே வாரத்தில் ஹிட்லர் நுழைந்தார். பிரிட்டன் போர் அறிவித்தது, ஆனால் படை வரவில்லை. 1945-இல் யால்டா மாநாட்டில் போலந்தை ஸ்டாலின் பிடியில் விட்டது அதைவிட ஆழமான காயம். அதனால்தான் இன்று வார்சா காகிதத்தோடு ஆளையும் கேட்கிறது. 2017 முதல் வடகிழக்கே ஓர்சிஷ் நகரில் அமெரிக்கத் தலைமையிலான நேட்டோ படைப்பிரிவில் பிரிட்டிஷ் வீரர்கள் இருக்கிறார்கள். உக்ரைன் போர் தொடங்கியதும் ஸ்கை சேபர் வான் பாதுகாப்பு அமைப்பைப் பிரிட்டன் போலந்துக்கு அனுப்பியது. 2025 செப்டம்பரில் ரஷ்ய ட்ரோன்கள் போலந்து வான்வெளிக்குள் நுழைந்த பிறகு டைஃபூன் போர் விமானங்களும் போயின.

கேள்வி: எல்லாம் நன்றாகத்தானே போகிறது, பிறகு எங்கே சிக்கல் வரும்?

ஐரோப்பிய ஒன்றியத்தின் தலைமையகமான பிரஸ்ஸல்ஸில். 2025 மே மாதம் ஒன்றியம் ‘சேஃப்’ என்று 15,000 கோடி யூரோ ராணுவக் கடன் திட்டத்தை ஏற்றது. அதில் மிகப் பெரிய ஒதுக்கீடு, ஏறத்தாழ 4,370 கோடி யூரோ, போலந்துக்கு. அந்தக் கடனில் வாங்கும் ஆயுதத்தின் செலவில் ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் பாகங்கள் 35 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பிரிட்டன் முழுப் பங்காளியாகச் சேரப் பேசியது. கட்டணத் தகராறில் 2025 நவம்பரில் பேச்சு முறிந்தது. தனிக்குடித்தனம் போனவர் கூட்டுச் சமையலில் சாப்பிட வந்தால் பங்குப் பணம் கேட்கத்தான் செய்வார்கள். தொகைதான் தகராறு. ஆனால் இதில் மாட்டிக்கொள்வது போலந்து: கையில் கடன் இருக்கும், பிடித்த கடையில் செலவு செய்ய முடியாது. ஏற்கெனவே போட்ட ஒப்பந்தங்கள் ஓடும். அடுத்த சுற்று ஆர்டர்கள் ஒன்றிய நாடுகள் பக்கம் சாயும் என்றே நினைக்கிறேன்.

கேள்வி: ஆயுதம் விற்க அமெரிக்காவும் தென் கொரியாவும் இருக்கும்போது பிரிட்டன் எதற்கு?

டாங்கிக்கு அவர்கள்தான், அதில் போட்டியே இல்லை. குறுகிய தூர வான் பாதுகாப்பிலும் கப்பல் வடிவமைப்பிலும் பிரிட்டன் இடம் பிடித்துவிட்டது. அணு ஆயுதம் வைத்திருக்கும் ஐரோப்பிய நேட்டோ நாடுகள் இரண்டே, அதில் ஒன்று பிரிட்டன் என்பதும் ஒரு காரணம்.

கேள்வி: லண்டனில் என் பக்கத்து வீட்டு போலந்துக் குடும்பம் ஊருக்குத் திரும்பிவிட்டது. எல்லோரும் போய்விடுவார்களா அண்ணா?

எல்லோரும் போக மாட்டார்கள். 2021 கணக்கெடுப்பில் இங்கிலாந்து, வேல்ஸில் மட்டும் போலந்தில் பிறந்தவர்கள் சுமார் 7,43,000 பேர். ஆனால் புதிதாக வருவது வற்றிவிட்டது. போலந்தில் சம்பளம் ஏறிவிட்டது, பிரிட்டனில் விசா விதி இறுகிவிட்டது.

கேள்வி: வியாபாரம்?

ஆண்டுக்கு 3,000 கோடி பவுண்டை ஒட்டி நடக்கிறது. சரக்கில் போலந்தின் கை ஓங்கியிருக்கிறது: கோழியிறைச்சி, மரச்சாமான், வாகனப் பாகங்கள், சாக்லேட். பிரிட்டனின் கேட்பரியை அமெரிக்காவின் கிராஃப்ட் 2010-இல் வாங்கியதும், பிரிஸ்டல் அருகே இருந்த சோமர்டேல் ஆலை மூடப்பட்டு உற்பத்தி போலந்துக்குப் போனது. பிரிட்டனில் அந்தக் கோபம் நெடுநாள் இருந்தது. இப்போது முதலீடும் எதிர்த்திசையில் வருகிறது. பார்சல் பெட்டகங்களால் பெயர்பெற்ற போலந்தின் இன்போஸ்ட், 2025-இல் பிரிட்டனின் யோடெல் கூரியரையே வாங்கிவிட்டது. சுங்கத் தாள்களும் உணவுச் சோதனையும் குறைந்தால் முதலில் பலன் கிடைப்பது இறைச்சி, பால் பொருள் அனுப்பும் போலந்து ஏற்றுமதியாளர்களுக்கு. அதுவும் வார்சா தனியாக முடிவு செய்யக்கூடியது அல்ல. ஒன்றியமும் லண்டனும் பேச வேண்டிய விவகாரம்.