துவக்குச் சட்டம் இறுகினால் மறியலில் இடம் இருக்குமா?

கேள்வி: ஸ்காபரோவில் இருக்கிற என் மகன், குழுச் சண்டைகளில் கைத்துப்பாக்கியோடு பிடிபடுகிறவர்களை நீண்ட காலம் உள்ளே போட்டால்தான் சரிவரும் என்கிறான். அப்படிச் செய்தால் கனடாச் சிறைகள் தாங்குமா?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், உவர்மலை, திருகோணமலை)

பதில்: மகனின் கோபம் விளங்குகிறது ஐயா. ஆனால் கனடா இதை ஏற்கெனவே செய்து பார்த்த நாடு. 2008 இல் வந்த சட்டப்படி, கைத்துப்பாக்கியாலோ, குற்றக் கும்பலுக்காக எந்தத் துவக்காலோ ஒருவரைக் கொல்ல முயன்றால் முதல் தடவைக்குக் குறைந்தது 5 வருடம், அடுத்த தடவைக்கு 7. துவக்குக் குற்றங்களில் பிணை எடுப்பதையும் அதே சட்டம் கடினமாக்கியது. குண்டு நிரப்பிய கைத்துப்பாக்கியை வைத்திருந்தாலே 3 வருடம் என்ற விதியை மட்டும் 2015 இல் உச்ச நீதிமன்றம் தூக்கி எறிந்துவிட்டது.

சுமை முதலில் விழுவது நீங்கள் நினைக்கிற இடத்தில் அல்ல. அங்கே 2 வருடமும் அதற்கு மேலும் தண்டனை பெற்றவர் மத்திய அரசின் சிறைக்குப் போவார், அதற்குக் குறைந்தவரும் விளக்கமறியலில் இருப்பவரும் மாகாணத்தின் பொறுப்பு. பிணை கிடைக்காதபோதும், 5 வருடத்துக்குப் பயந்து குற்றத்தை ஒத்துக்கொள்ளாமல் வழக்கை இழுக்கும்போதும் நிரம்புவது மாகாணச் சிறைதான். சட்டம் போடுவது ஒட்டாவாவில் இருக்கிற மத்திய அரசு, கட்டில் தேடுவது ஒன்ராறியோ மாகாணம்.

மத்திய சிறைக்கு ஒரு கணக்குப் பாருங்கள். வருடத்துக்கு 100 பேர் உள்ளே போய் ஆளுக்கு 2 வருடம் இருந்தால் எந்த நேரமும் 200 பேர் இருப்பார்கள், அதை 5 வருடமாக்கினால் 500. ஆனால் முதல் 2 வருடமும் எண்ணிக்கை அசையாது, ஏனென்றால் பழைய சட்டத்திலும் அவர்கள் அப்போது உள்ளேதான் இருந்திருப்பார்கள், அதனால் சட்டத்தைக் கொண்டுவந்த அமைச்சர் கைதட்டல் வாங்கிக்கொண்டு போய்விடுவார், செலவு அடுத்து வருகிறவரின் தலையில். மத்திய சிறையில் ஒருவருக்கு ஆண்டுக்கு ஒரு இலட்சம் கனேடிய டொலருக்கு மேல் போகிறது!

அப்புறம், கும்பல்காரர் என்றால் வெறும் கட்டில் மட்டும் போதாது. எதிர்க்குழு ஆள் இருக்கிற பிரிவில் இடம் இருந்தாலும் அங்கே போட முடியாது. சாப்பாடு, உடற்பயிற்சி, நீதிமன்றத்துக்குக் கூட்டிப்போவது எல்லாம் தனித்தனியாக நடக்க வேண்டும், அதற்கு உத்தியோகத்தர்கள் வேண்டும். என்னைக் கேட்டால், கட்டடத்தை விட ஆள் பற்றாக்குறைதான் பெரிய தலையிடி.

கேள்வி: இலங்கையிலும் பாதாள உலகக் குழுக்களுக்கு அப்படிச் சட்டம் போட்டால் என்ன?
(வாசகர், கிண்ணியா)

பதில்: சட்டம் இல்லாமலா தம்பி? தானியங்கித் துவக்கு வைத்திருந்தாலே ஆயுள் தண்டனை வரை போகும். ஆனால் உள்ளே போட்டதால் மட்டும் சண்டை நிற்கவில்லை: 2025 பெப்ரவரியில் புதுக்கடை நீதிமன்றத்துக்குள் சுடப்பட்ட பாதாள உலகத் தலைவர் கணேமுல்ல சஞ்சீவ, பூசா சிறையிலிருந்து காவலோடு கூட்டிவரப்பட்டவர்தானே. நம் சிறைகள் கொள்ளளவை எப்போதோ தாண்டிவிட்டன, உள்ளே இருப்பவர்களில் பெரும்பாலானோர் தீர்ப்புக்குக் காத்திருக்கும் விளக்கமறியல் கைதிகள். 2020 நவம்பரில், கொரோனா நேரத்தில், மஹர சிறைக் கலவரத்தில் 11 பேர் செத்ததற்கு நெரிசலும் ஒரு காரணம். எனவே தண்டனையைக் கூட்ட முன்னம், துவக்கு வழக்குகளில் அரச பகுப்பாய்வாளரின் அறிக்கை சுணங்காமல் வரவும், தவணை மேல் தவணை போகாமல் விசாரணை முடியவும் காசைச் செலவழிக்கட்டும்.