பேருந்தில் மூன்றே பேர்

அன்புள்ள ஐயா,

எட்டு ஆண்டுகளாக விளையாட்டுச் செய்தியாளனாக இருக்கிறேன். சைக்கிள் வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்கின் ஊக்கமருந்து மோசடியைத் துருவிய பத்திரிகையாளர் டேவிட் வால்ஷ்தான் என் முன்மாதிரி. வேலையை விட்டுவிட்டு, விளையாட்டு உலகின் முறைகேடுகளைப் புலனாய்வு செய்து சொல்லும் பாட்காஸ்ட் ஒன்றைத் தொடங்கப் போகிறேன். என்ன மைக் வாங்குவது, வாரம் ஒரு பகுதி போதுமா, இதை நம்பிப் பிழைக்க முடியுமா? முதல் பகுதி தயார். ஓட்டப்பந்தய வீராங்கனை ஒருவர் தன் பயிற்சியாளரைப் பற்றி மனம்விட்டுப் பேசியதைப் பதிவு செய்திருக்கிறேன். குரலை மாற்றிவிடுவேன்.

கா.

அன்புள்ள கா,

மைக்கைப் பற்றிச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. வாரம் ஒரு பகுதி என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். ஆவணங்கள் கிழமை பார்த்துக் கைக்கு வருவதில்லை. பிழைப்பு சிரமம்தான்.

"குரலை மாற்றிவிடுவேன்." எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டீர்கள்! சில நாட்களாக நான் வேறு எதையும் நினைக்காமல் இதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

முன்பு ஓர் அணியில், காயம்பட்ட வீரர்களுக்கு வலி தெரியாமலிருக்க ஊசி போட்டுக் களத்தில் இறக்குகிறார்கள் என்று ஒருவர் என்னிடம் சொன்னார். அவர் பெயரை நான் எழுதவில்லை. வேலையையும் எழுதவில்லை. 'அணியின் பேருந்தில் உடன் செல்பவர்' என்று மட்டும் எழுதினேன். வீரர்களைத் தவிர அந்தப் பேருந்தில் செல்பவர்கள் மூன்றே பேர். எனக்கு அது தெரியாது; நான் கேட்கவே இல்லை. செய்தி வந்த அன்று மாலைக்குள் ஆளைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அவர் என்னைத் திட்டியிருக்கலாம். "பரவாயில்லை, செய்தி நன்றாக வந்திருக்கிறது" என்றார். அதன் பிறகு எந்த அணியும் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை.

வால்ஷின் பெயரைச் சொல்கிறீர்கள். எம்மா ஓ'ரெய்லியின் பெயர் ஏன் உங்கள் கடிதத்தில் இல்லை? ஆம்ஸ்ட்ராங்கின் சைக்கிள் அணியில் மசாஜ் செய்யும் வேலையில் இருந்தவர் அவர். 1999 டூர் டி பிரான்ஸ் சைக்கிள் போட்டியில் ஆம்ஸ்ட்ராங்கின் பரிசோதனையில் ஸ்டீராய்டு தடயம் சிக்கியபோது, முன்தேதியிட்ட மருந்துச் சீட்டு ஒன்றைத் தயாரித்துச் சமாளித்தார்கள் என்று தன் சொந்தப் பெயரிலேயே வால்ஷிடம் சொன்னார். அது 2004இல் அச்சில் வந்தது. ஆம்ஸ்ட்ராங் வழக்குத் தொடர்ந்தார். அந்தப் பெண்ணை வாய்க்கு வந்தபடி இழிவுபடுத்தினார். 2006இல் வால்ஷின் பத்திரிகையான 'சண்டே டைம்ஸ்' அவருக்கு 3 லட்சம் பவுண்டு கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. ஆம்ஸ்ட்ராங்கின் ஏழு டூர் பட்டங்களும் பறிக்கப்பட்டது 2012இல். ஊக்கமருந்து எடுத்ததை அவர் தன் வாயாலேயே ஒப்புக்கொண்டது 2013 ஜனவரியில். அத்தனை ஆண்டுகள் வால்ஷுக்குப் பின்னால் ஒரு பத்திரிகை நின்றது. எம்மாவுக்குப் பின்னால் யார் நின்றார்கள்? முன்மாதிரி தேடுகிறவர்கள் இந்தப் பக்கத்தை மட்டும் படிக்காமல் தாண்டிவிடுகிறீர்கள். எனக்குக் கோபம் வருகிறது.

2016 ஆகஸ்டில் 'இண்டியானாபொலிஸ் ஸ்டார்', அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் அமைப்பு பயிற்சியாளர்கள் மீதான பாலியல் புகார்களை முடக்கி வைத்ததை எழுதியது. அதைப் படித்த முன்னாள் வீராங்கனை ரேச்சல் டென்ஹாலண்டர், தன்னிடம் பாலியல் அத்துமீறல் செய்த அந்த அமைப்பின் மருத்துவர் லாரி நாசரைப் பற்றி அந்தப் பத்திரிகைக்கு மின்னஞ்சல் அனுப்பினார். தன் பெயரை வெளியிடலாம் என்பது அவரே எடுத்த முடிவு. இன்னொரு வீராங்கனை வேண்டாம் என்றார். அவர் பெயரைப் போடவில்லை. 2018இல் நாசருக்குத் தண்டனை அறிவிக்கும் முன் 150க்கும் மேற்பட்ட பெண்கள் நீதிமன்றத்தில் பேசினார்கள்.

இப்போது உங்கள் பதிவுக்கு வருகிறேன். சுருதியை மாற்றிய குரலைப் பழைய சுருதிக்கே திருப்பிவிட முடியும். அதற்குக்கூட அவசியம் இருக்காது. அந்தப் பயிற்சியாளர் உங்கள் வீராங்கனையின் பேச்சைத் தினமும் கேட்டவர். எங்கே மூச்சு வாங்குவார், எந்தச் சொல்லில் தயங்குவார் என்பதெல்லாம் அந்த ஆளுக்கு மனப்பாடம். எந்தப் போட்டி, எந்த விடுதி, அன்று அறையில் யார் யார் இருந்தார்கள் என்று ஒரு வரி வந்தால் போதும். அவர் சொன்னதை வேறொருவரின் குரலில் படிக்கச் செய்யலாம். அப்போதும் அந்த வரிகள் அப்படியே இருக்கும்.

நீங்கள் கெட்டவர் இல்லை, கா. அந்தப் பெண் உங்களை நம்பிப் பேசியிருக்கிறார். அந்த நம்பிக்கை எல்லாருக்கும் கிடைப்பதில்லை. ஆனால் அவர் பேசியது உங்களிடமா, உங்கள் நிகழ்ச்சியிடமா? அவரிடம் கேட்டீர்களா?

இந்த வாரம் அவரை நேரில் பாருங்கள். பதிவு முழுவதையும் போட்டுக் காட்டுங்கள். இதில் உள்ளவை வேறு எத்தனை பேருக்குத் தெரியும் என்று ஒவ்வொரு இடத்திலும் நிறுத்திக் கேளுங்கள். விரல்விட்டு எண்ணச் சொல்லுங்கள். மூன்று என்றால் அந்த இடத்தை வெட்டுங்கள். வேண்டாம் என்று அவர் சொன்னால் அவர் கண்முன்னேயே அழித்துவிட்டு எனக்கு எழுதுங்கள். முதல் பகுதிக்கு வேறு செய்தி தேடுவோம், நானும் உடன் இருக்கிறேன்.