என்ஜிசி 4550: சராசரி வேகம் ஏன் பூஜ்யத்தை ஒட்டியே வருகிறது?

என்ஜிசி 4550 விண்மீன்திரளில் விண்மீன்களின் சராசரி வேகம் பூஜ்யத்தை ஒட்டியே வருகிறதே, கணக்கில் பிழையா என்று கேட்டீர்கள். உங்கள் கணக்கில் பிழை இல்லை. இந்த விண்மீன்திரளில் ஏறக்குறைய சம அளவில் இரண்டு விண்மீன் வட்டுகள் எதிரெதிராகச் சுற்றுகின்றன; வானியலாளர் வேரா ரூபினும் உடன் ஆய்ந்தவர்களும் 1992-லேயே சொன்னது. கோலாலம்பூரின் மஸ்ஜிட் ஜாமெக் நிலையத்தில் எதிரெதிரே ஓடும் இரண்டு எல்ஆர்டி ரயில்களின் வேகத்தைச் சராசரி எடுத்தால் பூஜ்யம்தானே வரும்? மையத்தின் இருபுறமும் உங்களுக்கு வேகச் சிதறல் (விண்மீன்களின் வேகங்கள் சராசரியிலிருந்து எவ்வளவு பரவியிருக்கின்றன என்ற அளவு) மேடு கட்டுவதும் அதனால்தான்.

பெரும்பாலும், வெளியிலிருந்து எதிர்த்திசையில் வந்து விழுந்த வாயுவில் இரண்டாம் வட்டு பிறந்திருக்கும்.

இதைச் சோதிக்க, நிறமாலையில் ஒன்றுக்குப் பதில் வட்டுக்கு ஒன்றாக இரண்டு வேகக் கூறுகளைப் பொருத்துங்கள். பிறகு ஒவ்வொன்றுக்கும் வயதும் மெக்னீசியம்–இரும்பு விகிதமும் (விண்மீன்கள் எவ்வளவு விரைவாக உருவாயின என்பதற்கான தடயம்) தனித்தனியாக எடுங்கள். வாயுவோடு சேர்ந்து சுற்றும் வட்டே இளையதாக வந்தால், வெளியிலிருந்து வந்த வாயு என்ற விளக்கத்தோடு விஷயம் பொருந்துகிறது. எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதுதான்.

மையத்தருகே மட்டும் கவனம்: இரு வேகங்களும் அங்கே நெருங்கிவிடும், பிரித்தெடுத்த எண்களை நம்ப வேண்டாம்.