கைடு சொல்லாதது, பாடத்தில் இல்லாதது: முதுநிலை மாணவர்களின் ஆறு கேள்விகள்

செவிலியம், இயன்மருத்துவம், மருத்துவம், பொதுச் சுகாதாரம் ஆகியவற்றில் முதுநிலை படிக்கும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் ஆறை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம். பெயர், ஊர், கல்லூரி விவரங்களை நீக்கியிருக்கிறோம்.

கேள்வி: முதுநிலை செவிலியத்தில் முதலாண்டு படிக்கிறேன். 'சர்க்கரை நோயாளிகளின் வாழ்க்கைத் தரம்' என்று தீசிஸ் தலைப்பு கொடுத்தேன். 'ரொம்ப அகலம், சுருக்கிக்கொண்டு வா' என்று கைடு இரண்டு முறை திருப்பிவிட்டார். எப்படிச் சுருக்குவது?

உங்கள் தலைப்பில் கேள்வியே இல்லை. அதுதான் சிக்கல். யாரிடம், என்ன செய்து, எதோடு ஒப்பிட்டு, எதை அளக்கப்போகிறீர்கள் என்ற நான்கையும் ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். 'இன்சுலின் தொடங்கி ஓராண்டுக்குள் இருக்கும், 40 முதல் 60 வயதுக்குட்பட்ட வெளிநோயாளிகளுக்கு 20 நிமிடப் பாதப் பராமரிப்புப் பயிற்சி கொடுத்தால், வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களைவிட 12 வாரம் கழித்துப் பாதப் பராமரிப்பு மதிப்பெண் கூடுகிறதா?' இப்படி வந்துவிட்டால் தலைப்பு தானாகச் சுருங்கிவிடும். வாக்கியத்தில் எந்த இடத்தை நிரப்ப முடியவில்லையோ, அங்கேதான் இன்னும் யோசிக்க வேண்டும்.

அடுத்த வேலையைப் பெரும்பாலோர் செய்வதில்லை. சினாப்சிஸ் (ஆய்வுத் திட்டச் சுருக்கம்) எழுதும் முன் இரண்டு வாரம் வெளிநோயாளர் பிரிவில் உட்கார்ந்து, உங்கள் வரையறைக்குள் வருபவர்களை மட்டும் எண்ணுங்கள். இரண்டு வாரத்தில் 12 பேர் என்றால் வாரத்துக்கு 6. அதில் பாதிப் பேர் சம்மதிப்பார்கள் என்று வைத்தால் 3. ஆறு மாதத்தில், அதாவது 26 வாரத்தில், 78 பேர். உங்களுக்கு 120 பேர் தேவைப்பட்டால் வரையறையை இப்போதே தளர்த்த வேண்டும். இரண்டாமாண்டு நடுவில் தளர்த்த முடியாது. ஆய்வு தொடங்கிய அன்றே தகுதியான நோயாளிகள் எங்கோ மறைந்துபோவார்கள் என்பது ஆய்வாளர்கள் எல்லோரும் அறிந்த சங்கதி. லூயி லசாக்னா என்ற அமெரிக்க மருந்தியல் மருத்துவரின் பெயரால் அதை லசாக்னா விதி என்றே சொல்வார்கள். ஆகவே எண்ணி வந்த தொகையையும் கொஞ்சம் குறைத்தே நம்புங்கள்.

சாம்பிள் சைஸ், அதாவது ஆய்வுக்கு எத்தனை பேர் தேவை என்பது பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு பாதிப்பு எத்தனை சதவீதம் பேருக்கு இருக்கிறது என்று பார்க்கும் ஆய்வுக்கு 1.96-இன் வர்க்கத்தை, அதாவது 3.84-ஐ, இருப்பவர் விகிதத்தாலும் இல்லாதவர் விகிதத்தாலும் பெருக்கி, ஏற்கும் பிழையின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். முந்தைய ஆய்வில் 30 சதவீதம் என்றிருந்து, 5 சதவீதப் பிழையை ஏற்றால் 323 பேர். 7 சதவீதம் ஏற்றால் 165 போதும். பாதியில் விலகுபவர்கள் 10 சதவீதம் என்று வைத்தால் 165-ஐ 0.9-ஆல் வகுங்கள்: 184. பத்து சதவீதத்தைக் கூட்டினால் 182 வரும். அதில் பத்துப் பேருக்கு ஒருவர் போனால் 165 மிஞ்சாது. முந்தைய ஆய்வே இல்லாதபோதுதான் 50 சதவீதம் என்று வைத்து 385 எடுப்பார்கள். இரு குழுக்களை ஒப்பிடும் உங்கள் ஆய்வுக்குச் சூத்திரம் வேறு. அதற்கு எவ்வளவு வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க விரும்புகிறீர்கள் என்பதைச் சொல்லியாக வேண்டும். ஆய்வுக்கு அனுமதி தரும் எத்திக்ஸ் கமிட்டிக்கு (நெறிமுறைக் குழு) போகும் முன்பே பயோஸ்டாட்டிஸ்டிக்ஸ் ஆசிரியரைப் பாருங்கள்.

வேறு மொழியில் உள்ள வினாப்பட்டியலைப் பயன்படுத்தினால், அதை உருவாக்கியவரின் அனுமதி வேண்டும். ஒருவர் மொழிபெயர்த்து, மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதைத் திரும்ப மூலமொழிக்குக் கொண்டுவர வேண்டும். பிறகு சிலரிடம் கொடுத்துச் சோதிக்க வேண்டும். அந்தச் சோதனையில் கலந்துகொண்டவர்களை முதன்மை ஆய்வில் சேர்க்காதீர்கள். எத்திக்ஸ் கமிட்டியின் அனுமதிக் கடிதம் கைக்கு வரும் முன் ஒரே ஒரு படிவம்கூட நிரப்பக் கூடாது. நடந்து முடிந்த ஆய்வுக்கு முன்தேதியிட்டு அனுமதி தரமாட்டார்கள்.

கேள்வி: 220 பேரிடம் தகவல் சேகரித்து எக்செலில் ஏற்றிவிட்டேன். 'இதை வைத்து எதுவும் செய்ய முடியாது' என்கிறார் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் ஆசிரியர். எல்லாம் வீணா?

வீணில்லை. ஒரு வாரம் உட்கார்ந்தால் பெரும்பாலும் சரிசெய்துவிடலாம். ஒரு ஆளுக்கு ஒரு வரிசை, ஒரு தகவலுக்கு ஒரு பத்தி என்பதே விதி. ரத்த அழுத்தத்தை '130/80' என்று ஒரே கட்டத்தில் போட்டிருந்தால் மென்பொருள் அதை எழுத்தாகத்தான் எடுத்துக்கொள்ளும். மேல் அளவையும் கீழ் அளவையும் இரண்டு பத்தியாகப் பிரியுங்கள். '45 வயது' என்று இருந்தால் 45 மட்டும் நிற்கட்டும். ஆண், M, male என்று மூன்று விதமாக எழுதியிருந்தால் மூன்று பாலினம் என்று கணக்காகும். சிவப்பு வண்ணம் அடித்துக் குறித்து வைத்ததை எந்த மென்பொருளும் படிக்காது. அதற்கென ஒரு பத்தி சேருங்கள்.

விடுபட்ட தகவலுக்கு 0 போடுவதும் 999 போட்டுவிட்டு மறப்பதும்தான் மிக ஆபத்தானவை. ஒருவருடைய ஹீமோகுளோபின் 999 என்று சராசரியில் கலந்தால் மொத்தமும் கெடும். காலியாக விடுங்கள். வயதை '40–50' என்று பிரிவாக ஏற்றியிருந்தால் படிவத்தைப் பார்த்து எண்ணாக மாற்றுங்கள். எண்ணிலிருந்து பிரிவுக்கு எப்போது வேண்டுமானாலும் போகலாம், பிரிவிலிருந்து எண்ணுக்குத் திரும்ப முடியாது.

மூலக் கோப்பைத் தொடாமல் நகலில் வேலை செய்யுங்கள். முடித்ததும் 22 படிவங்களைக் குலுக்கலில் எடுத்து, வேறொருவர் வாசிக்க நீங்கள் திரையில் சரிபாருங்கள். பிழைகள் அடிக்கடி வந்தால் 220-ஐயும் பார்க்க வேண்டியதுதான். நோயாளியின் பெயர் ஷீட்டில் இருக்கக் கூடாது. ஆய்வு எண் மட்டும் போதும். எண்ணையும் பெயரையும் இணைக்கும் பட்டியல் தனியாகப் பூட்டில் இருக்கட்டும்.

கேள்வி: ரத்தம் எடுத்தபின் ஊசி விரலில் குத்திவிட்டது. 'கையைக் கழுவிட்டு விடு, சொன்னா உன் மேலதான் எழுதுவாங்க' என்றார் சீனியர். என்ன செய்வது?

இப்படிக் குத்தி மூன்று நாள் ஆகாதவர் யாராவது இதைப் படித்தால், மீதியைப் பிறகு படியுங்கள். முதலில் போய்ச் சொல்லுங்கள்.

குத்தியவுடன் சோப்பும் ஓடும் தண்ணீரும் போதும். விரலைப் பிழியாதீர்கள், வாயில் வைக்காதீர்கள், பிளீச்சிங் திரவம் ஊற்றாதீர்கள். கண்ணில் தெறித்தால் சுத்தமான நீரால் அல்லது சலைனால் நன்றாகக் கழுவுங்கள். எச்ஐவி தடுப்பு மருந்தை முடிந்தால் சில மணி நேரத்துக்குள், அதிகபட்சம் 72 மணி நேரத்துக்குள் தொடங்கி, 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். நேரம் கடக்கக் கடக்கப் பலன் குறையும். அதனால்தான் 'நாளைக்குப் பார்க்கலாம்' என்பது தவறு. எச்ஐவி உள்ளவரின் ரத்தம் ஊசி வழியாக ஏறினால் தொற்றும் வாய்ப்பு ஆயிரத்தில் சுமார் மூன்று. தடுப்பூசி போடாதவருக்கு ஹெப்படைட்டிஸ் பி தொற்றும் வாய்ப்பு நூற்றுக்கு 6 முதல் 30 வரை. பலரும் அஞ்சுவது முதலாவதை. அதிகம் அஞ்ச வேண்டியது இரண்டாவதை.

அன்றே உங்கள் ரத்தத்தையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். அன்று தொற்று இல்லை என்ற ஆதாரம் இருந்தால்தான், பின்னால் வந்தது பணியில் வந்தது என்று நிறுவ முடியும். உங்கள் மேல் எழுதுவார்கள் என்று சீனியர் பயமுறுத்திய அந்தப் பதிவுதான் உங்களுக்குப் பாதுகாப்பு.

மூன்று டோஸ் ஹெப்படைட்டிஸ் பி ஊசி போட்டுவிட்டால் கவலையில்லை என்று இருப்பவர்கள் நிறைய. கடைசி டோஸ் முடிந்து ஒன்று முதல் இரண்டு மாதத்துக்குள் எதிர்ப்புப்பொருள் அளவைப் பார்க்க வேண்டும். ஒரு மில்லி லிட்டருக்கு 10 மில்லி யூனிட்டாவது இருக்க வேண்டும். சிலருக்கு மூன்று டோஸ் போட்டும் வராது. அது முன்கூட்டியே தெரிந்திருப்பது நல்லது.

கேள்வி: வாரத்துக்கு மூன்று இரவு டியூட்டி. காலையில் வந்து படிக்க உட்கார்ந்தால் ஒன்றும் ஏறவில்லை. காபியில்தான் ஓடுகிறது.

அந்தக் காலையில் படிக்காதீர்கள். 24 மணி நேரம் விழித்திருந்தவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.10 சதவீத மது இருப்பவரின் அளவுக்கு இறங்குவதாக 1997-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று காட்டியது. அந்த நிலையில் புரட்டும் பக்கங்கள் மனதில் நிற்காது. படிக்காவிட்டால்கூடப் பரவாயில்லை, அந்த நிலையில் வண்டி ஓட்டாதீர்கள்.

முதல் இரவுக்கு முந்தைய பிற்பகலில் ஒன்றரை மணி நேரமாவது தூங்குங்கள். டியூட்டியில் மாற்று ஆள் இருந்தால், இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் இடையே 20 நிமிடம் கண்ணயருங்கள். எழுந்ததும் கால் மணி, அரை மணி நேரத்துக்கு மூளை மந்தமாக இருக்கும். அந்த நேரத்தில் மருந்தளவு கணக்கிடாதீர்கள். கணக்கிட்டே ஆக வேண்டுமென்றால் இன்னொருவரைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். உடல் வெப்பம் அடிமட்டத்துக்கு இறங்கும் விடியற்காலை மூன்று முதல் ஐந்து மணிவரைக்கும் இதே எச்சரிக்கை.

காஃபீன் பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். நாலு மணிக்குக் குடித்தது ஒன்பது மணிக்குப் பாதி உடம்பில் இருக்க, எங்கே தூங்குவது? டியூட்டியின் முதல் பாதியில் சிறிது சிறிதாகக் குடித்து, தூங்கப்போவதற்கு ஆறு மணி நேரம் முன்பே நிறுத்துங்கள். அறையை நன்றாக இருட்டாக்குங்கள். தொடர் டியூட்டியின் கடைசி இரவு முடிந்த காலையில் இரண்டு மூன்று மணி நேரம் மட்டும் தூங்கி எழுந்தால் அன்றிரவே இயல்பான தூக்கத்துக்குத் திரும்பலாம்.

படிப்புக்கு? டியூட்டியில் பத்து நிமிடம் கிடைத்தால் பார்த்த ஒரு கேஸிலிருந்து பதில் தெரியாத ஒரு கேள்வியை எழுதி வையுங்கள். விடுப்பு நாளில் அந்தக் கேள்விகளை எடுத்துப் படியுங்கள்.

கேள்வி: இயன்மருத்துவ முதுநிலை. கேஸ் பிரசென்ட் செய்தால் 'சரி, இன்னும் படி' என்பார் ஆசிரியர். அதை வைத்து என்ன செய்ய?

ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் அவரிடம் நீங்கள் கேட்டதும் அவ்வளவு பொதுவாகத்தான் இருந்திருக்கும். 'எப்படி இருந்தது சார்?' என்று பிறகு கேட்பதைவிட, தொடங்கும் முன்பே ஒரு புள்ளியைக் காட்டுங்கள்: 'லாக்மேன் டெஸ்டில் என் கை வைப்பு சரியா என்று மட்டும் பாருங்கள் சார்.' (முழங்காலின் தசைநார் கிழிந்திருக்கிறதா என்று கையால் பார்க்கும் சோதனை அது.) அப்போதுதான் முழங்கால் 20 முதல் 30 டிகிரி மடங்கியிருக்கிறதா, தொடை எலும்பு அசையாமல் பிடிபட்டிருக்கிறதா, பின்தொடைத் தசையை நோயாளி இறுக்கி வைத்திருப்பதைக் கவனிக்காமல் 'டெஸ்ட் நெகட்டிவ்' என்கிறீர்களா என்று அவரால் சொல்ல முடியும்.

மருத்துவக் கல்வியாளர் ஜார்ஜ் மில்லர் 1990-இல் திறமையை மதிப்பிட வரைந்த பிரமிடில் நான்கு படிகள்: தெரியும், எப்படியென்று தெரியும், செய்து காட்ட முடியும், பணியில் செய்கிறார். கேஸ் பிரசென்டேஷன் முதல் இரண்டு படிகளைத்தான் தொடும். மேலே உள்ள இரண்டையும் காண, நோயாளி பக்கத்தில் யாராவது நின்று பார்த்தாக வேண்டும். பார்க்கப் பதினைந்து நிமிடம், பேச ஐந்து நிமிடம் போதும். வாரம் ஒருமுறை கேட்டு வாங்குங்கள். லாக்புக்கில் (செய்த பணிகளின் பதிவேடு) அன்றே எழுதுங்கள்: பார்த்தேன், உதவினேன், மேற்பார்வையில் செய்தேன், தனியாகச் செய்தேன். மாதக் கடைசியில் நினைவிலிருந்து நிரப்பிய லாக்புக், பார்க்கிற தேர்வாளருக்கு உடனே தெரிந்துவிடும்.

கேள்வி: என் பொறுப்பிலிருந்த நோயாளி இறந்து பத்து நாள் ஆகிறது. நான் எதையோ தவறவிட்டேன் என்றே தோன்றுகிறது. வார்டுக்குள் போகவே கை நடுங்குகிறது.

இப்படித் தவிப்பவர்களுக்கு 'இரண்டாவது பாதிப்பாளர்' என்று ஆல்பர்ட் வூ என்ற மருத்துவர் 2000-இல் பெயர் கொடுத்தார். பெயர் வைக்கும் அளவுக்கு இது பலருக்கும் நேர்வது. உங்களுக்கு மட்டும் வந்த பலவீனம் அல்ல.

தவறவிட்டீர்களா இல்லையா என்பதை இரவில் தனியாகப் படுத்துக்கொண்டு தீர்மானிக்க முடியாது. முடிவு தெரிந்தபின் பார்த்தால் எல்லா அறிகுறியும் வெளிச்சமாகத் தெரியும். அன்று அந்த மணி நேரத்தில் உங்கள் முன் என்ன இருந்தது என்பதே கேள்வி. நம்பும் ஒரு மூத்தவரிடம் அரை மணி நேரம் கேளுங்கள். கேஸ் ஷீட்டை முன்னால் வைத்து, எத்தனை மணிக்கு எந்த அளவு தெரிந்தது, யாரிடம் சொன்னீர்கள், என்ன மாற்றியிருக்கலாம் என்று வரிசையாகப் பாருங்கள். உண்மையிலேயே ஏதாவது விடுபட்டிருந்தால், அது ஒரு ஆளின் தவறா, டியூட்டி மாறும்போது நடக்கும் ஒப்படைப்பில் விழுந்த ஓட்டையா என்பதும் அப்போதுதான் தெரியும்.

தூக்கமின்மையும், காட்சி திரும்பத் திரும்ப வருவதும், வார்டைத் தவிர்ப்பதும் ஒரு மாதம் தாண்டியும் நீடித்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். வேலையே ஓடவில்லை என்றால் மாதக்கணக்குப் பார்க்க வேண்டாம், இந்த வாரமே போங்கள். உயிரோடு இருக்க வேண்டாம் என்ற எண்ணம் ஒருமுறை வந்தால்கூட அன்றே ஒருவரிடம் சொல்லுங்கள், தனியாக இருக்காதீர்கள், அவசரப் பிரிவுக்குப் போகலாம். மருந்து அலமாரிச் சாவி உங்களிடம் இருந்தால் அதை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டு டியூட்டியிலிருந்து விலகிக்கொள்ளுங்கள். வார்டுக்குத் திரும்பும் முதல் நாள், உடன் ஒருவர் இருக்கும் ஷிப்டாகக் கேட்டு வாங்குங்கள்.