இணையத்தில் உங்கள் பெயர்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வீட்டிலேயே ஆரி வேலைப்பாடு பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறேன். இன்ஸ்டாகிராமில் 6,000 ஃபாலோயர் இருக்கிறார்கள். 'சூப்பர் அக்கா' என்று கமென்ட் குவிகிறது. ஆனால் ஆர்டர் என்னவோ தெரிந்தவர்கள் சொல்லி வருபவர்களிடமிருந்துதான். எங்கே தப்பு?
- வாசகி, பெரம்பூர்

பதில்: அந்த 6,000-ஐ மறந்துவிடுங்கள். அளவு பிளவுஸை நேரில் கொண்டுவந்து கொடுக்கிற தூரத்தில் இருப்பவர்தான் உங்கள் வாடிக்கையாளர். பெரம்பூர், அயனாவரம், கொளத்தூர், வில்லிவாக்கம் வட்டாரத்தில் ஆரி பிளவுஸ் தேடுகிறவர் கண்ணில் நீங்கள் பட வேண்டும். ரீல்ஸ் அந்த வேலையைச் செய்யும் என்று நம்ப முடியாது. அது யாருக்குப் போய்ச் சேரும் என்பது உங்கள் கையில் இல்லை. மதுரையில் இருப்பவரும் மலேசியாவில் இருப்பவரும் பார்த்து ஒரு லைக் போட்டுவிட்டுப் போவார்கள்.

முதலில் இன்ஸ்டாகிராம் பக்கத்தைத் திருத்துங்கள். அதில் யூசர்நேம் வேறு, நேம் வேறு. பெரும்பாலோர் இரண்டிலும் ஒரே பெயரைப் போட்டு ஓர் இடத்தை வீணாக்குகிறார்கள். நேம் என்ற கட்டமும் தேடலில் வரும். அங்கே கடைப் பெயரோடு 'ஆரி பிளவுஸ் பெரம்பூர்' என்பதை ஆங்கில எழுத்தில் சேருங்கள், தேடுகிறவர்களில் பலர் அப்படித்தான் தட்டுகிறார்கள். 14 நாளில் இரண்டு முறைதான் இதை மாற்ற விடுவார்கள், யோசித்துப் போடுங்கள். பயோவில் 150 எழுத்துதான் இடம். அதில் பொன்மொழியும் இதயக் குறிகளும் எதற்கு? ஆரம்ப விலை, எத்தனை நாளில் கிடைக்கும், எந்த ஏரியா. இது போதும்.

இரண்டாவது, இதைவிட முக்கியமானது, கூகுள் பிசினஸ் புரொஃபைல், அதாவது கூகுள் தேடலிலும் மேப்பிலும் உங்கள் தொழிலைக் காட்டும் பக்கம். காசு கிடையாது. வீட்டு முகவரி வெளியே தெரிய வேண்டாம் என்றால் அதை மறைத்துவிட்டு, சேவை செய்யும் பகுதிகளை மட்டும் கொடுக்கலாம். 20 பகுதிகள் வரை சேர்க்கலாம். சரிபார்ப்புக்கு இப்போது பெரும்பாலும் வீடியோ கேட்கிறார்கள். தெருப் பெயர்ப் பலகையில் தொடங்கி, வீட்டு முகப்பு, உள்ளே ஆரி ஃபிரேம், தையல் மெஷின் என்று வெட்டாமல் ஒரே ஓட்டமாக எடுங்கள். நடுவில் நிறுத்தி எடுத்தாலோ, தெரு அடையாளம் இல்லாவிட்டாலோ நிராகரிப்பார்கள். ஒன்றைக் கவனியுங்கள்: இன்ஸ்டாகிராமில் செய்தது போல இங்கே பெயரோடு 'பெஸ்ட் ஆரி ஒர்க் பெரம்பூர்' என்று ஒட்டினால் பக்கத்தையே முடக்கிவிடுவார்கள். பெயர் என்ன உண்டோ அது மட்டும்தான். "கூகுளிலிருந்து பேசுகிறோம், லிஸ்டிங்குக்குப் பணம் கட்டுங்கள்" என்று போன் வந்தால் வைத்துவிடுங்கள்.

பிளவுஸைக் கொடுக்கும் அன்றே ரிவ்யூ லிங்கை வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டால் யாரும் எழுத மாட்டார்கள். என்ன தைத்தோம் என்பதையும் ஒரு படத்தையும் போடச் சொல்லுங்கள். ரிவ்யூவுக்குத் தள்ளுபடி மட்டும் வேண்டாம், அது கூகுள் விதிக்கு விரோதம்.

படங்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். டியூப் லைட்டில் எடுத்தால் அரக்கு நிறம் பழுப்பாகும், ஜரிகை வெளிறிப்போகும். காலையில் ஜன்னல் ஓரத்தில், நேர் வெயில் படாமல் எடுங்கள். ஒவ்வொரு பிளவுஸுக்கும் மூன்று படம்: முழுசாக ஒன்று, பின்கழுத்து வேலை ஒரு சாண் தூரத்தில் ஒன்று, உள்பக்கத்தைத் திருப்பி ஒன்று. முடிச்சு ஒழுங்காக விழுந்திருக்கிறதா, லைனிங் மூடியிருக்கிறதா என்று விவரம் தெரிந்தவர்கள் உள்பக்கத்தைத்தான் புரட்டிப் பார்ப்பார்கள். அதைத் துணிந்து காட்டுகிறவர்கள் குறைவு.

விலையை மறைத்து 'டிஎம் பண்ணுங்க' என்று போடுவதில் பாதி ஆர்டர் கரைந்துவிடும். கழுத்து மட்டும், கழுத்தும் கையும், முழு வேலை என்று மூன்று விலையை வெளிப்படையாகப் போடுங்கள். வாட்ஸ்அப் பிசினஸ் கேட்டலாக்கில் 500 பொருள் வரை சேர்க்கலாம், உங்களுக்குப் பன்னிரண்டு போதும். தானாகப் போகும் வரவேற்புச் செய்தியில் மூன்றே கேள்வி: விசேஷம் என்றைக்கு, எந்த வேலை, புடவை படம். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லை என்று சும்மா இருந்துவிடாதீர்கள். ஆவணிக்கும் தை மாதத்துக்கும் பிளவுஸ் தைக்கக் கொடுக்கிறவர்கள் தேடத் தொடங்குவது அப்போதுதான்.

கேள்வி: ஆரம்பத்தில் மட்டும் கொஞ்சம் ஃபாலோயரைக் காசு கொடுத்து வாங்கினால் என்ன?
- வாசகர், வேளச்சேரி

பதில்: வேண்டாம். 10,000 பேர் இருக்கும் பக்கத்தில் பதிவுக்கு 12 லைக் என்றால் பார்ப்பவருக்கே விஷயம் புரிந்துவிடும். விளம்பரம் தரும் நிறுவனங்கள் முதலில் பார்ப்பதும் அந்த விகிதத்தைத்தான்.

கேள்வி: வழக்கறிஞராகப் பதிவு செய்து இரண்டு ஆண்டு ஆகிறது. சட்டம் பற்றி ரீல்ஸ் போட்டுப் பெயர் எடுக்க நினைக்கிறேன். சீனியர் "வம்பை விலைக்கு வாங்காதே" என்கிறார்.
- வாசகர், அண்ணா நகர்

பதில்: சீனியர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. இந்திய பார் கவுன்சில் விதி 36 வழக்கறிஞர்கள் விளம்பரம் செய்வதையும் நேரடியாகவோ மறைமுகமாகவோ வழக்கு தேடுவதையும் தடுக்கிறது. 2008-இல் வந்த திருத்தம் இணையதளத்துக்கு மட்டும் இடம் கொடுத்தது. அதிலும் பெயர், முகவரி, தொலைபேசி, மின்னஞ்சல், பதிவு எண், பதிவு செய்த தேதி, எந்த மாநில பார் கவுன்சில், எந்தச் சங்க உறுப்பினர், கல்வித் தகுதி, எந்தத் துறை வழக்குகள் என்பதோடு சரி. 2024 ஜூலையில் நம் சென்னை உயர் நீதிமன்றமே, வழக்கறிஞர்களை இணைய வணிகத் தளங்களில் பட்டியலிட்டு விற்பதைக் கடுமையாகக் கண்டித்து, நடவடிக்கை எடுக்கும்படி பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. தொழிலை 'பிராண்டு' ஆக்கும் போக்கையும் அந்தத் தீர்ப்பு சாடியது.

அதற்காக வாய் மூடி இருக்க வேண்டியதில்லை. சட்டத்தை விளக்குவது வேறு, ஆள் பிடிப்பது வேறு. வாடகை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாவிட்டால் என்ன ஆகும், காசோலை திரும்பினால் எத்தனை நாளில் நோட்டீஸ் என்று விளக்கலாம். கடைசியில் "தொடர்புக்கு" என்று எண் போடுவது, "முதல் ஆலோசனை இலவசம்", ஜெயித்த வழக்குக் கணக்கு, கட்சிக்காரர் பாராட்டு வீடியோ, வழக்கறிஞர் கவுனும் வெள்ளைக் கழுத்துப் பட்டையும் அணிந்து காருக்கு முன்னால் நிற்பது, ஸ்பான்சர்டு பதிவு ஆகியவை எதுவும் கூடாது. எங்களைக் கேட்டால் ரீல்ஸைவிட எழுத்து நல்லது. புதிதாக வந்த ஒரு தீர்ப்பை எடுத்து, வழக்கு எண்ணோடு, அதன் சாரத்தை 400 சொல்லில் நல்ல தமிழில் எழுதுங்கள். உங்களுக்கு வழக்கு அனுப்பப் போகிறவர்கள் மற்ற வழக்கறிஞர்கள்தான், அவர்கள் படிப்பார்கள்.

கேள்வி: பாட்டு வகுப்பு நடத்துகிறேன். மாணவர்கள் பாடிய தியாகராஜர் கீர்த்தனையை யூடியூபில் போட்டேன். காப்புரிமை என்று அறிவிப்பு வந்துவிட்டது. 1847-இல் மறைந்தவருக்கு என்ன காப்புரிமை?
- வாசகி, மயிலாப்பூர்

பதில்: கீர்த்தனைக்குக் காப்புரிமை இல்லை. நம் சட்டப்படி இயற்றியவர் மறைந்து 60 ஆண்டு ஆனால் பாடல் பொதுச் சொத்து. ஆனால் அதை ஒருவர் பாடிய ஒலிப்பதிவுக்குத் தனி உரிமை உண்டு. யூடியூபின் கன்டென்ட் ஐடி, பதிவான ஒலிகளோடும் மெட்டுகளோடும் ஒப்பிட்டுப் பார்க்கும் இயந்திரம். அதே ராகம், அதே மெட்டு என்றால் சில சமயம் குழம்பிவிடும்.

முதலில் வந்தது கிளெய்மா, ஸ்டிரைக்கா என்று பாருங்கள். கிளெய்ம் என்றால் பயப்பட ஒன்றுமில்லை, வீடியோவில் விளம்பர வருமானம் இருந்தால் அது அவர்களுக்குப் போகும், சேனலுக்கு ஆபத்தில்லை. ஸ்டிரைக் என்பது உரிமையாளர் கேட்டு வீடியோவையே நீக்குவது, அது 90 நாளில் மூன்று சேர்ந்தால் சேனலே போய்விடும். யூடியூப் ஸ்டுடியோவில் அந்த வீடியோவுக்கு எதிரே இருக்கும் அறிவிப்பைத் திறந்து, 'டிஸ்பியூட்' கொடுங்கள். "பாடல் பொதுச் சொத்து, பாடியது எங்கள் மாணவர்கள், வேறு யாருடைய பதிவும் சேர்க்கவில்லை" என்று இரண்டு வரி போதும். உரிமை கோரியவர் 30 நாளில் பதில் சொல்லாவிட்டால் கிளெய்ம் தானாக விழுந்துவிடும். தம்புராவுக்கு ஏதாவது ஆல்பத்தை ஓட்டியிருந்தால் மட்டும் இப்படி எழுதாதீர்கள். அப்போது பதிவு நிஜமாகவே இன்னொருவருடையது. ஸ்ருதிப் பெட்டியோ ஆப்போ வைத்துப் பாடச் சொல்லி மறுபடி எடுங்கள். நவீனப் பாடல்களுக்கு இயற்றியவர் மறைந்த ஆண்டைப் பார்த்துவிட்டுத்தான் இறங்க வேண்டும்.

கேள்வி: உணவகம் ஒன்று இலவசமாகச் சாப்பாடு போட்டு வீடியோ எடுக்கச் சொன்னது. பணம் வாங்கவில்லை. அதைச் சொல்ல வேண்டுமா?
- வாசகர், தாம்பரம்

பதில்: சொல்லியே ஆக வேண்டும். பணம் மட்டுமல்ல, இலவசச் சாப்பாடும் பொருளும் தங்குமிடமும் பலன்தான். 2021-இல் வந்த இந்திய விளம்பரத் தர மன்றத்தின் விதிகளும் 2023 ஜனவரியில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதலும் இதையே சொல்கின்றன. பதிவின் தொடக்கத்தில், 'மோர்' தட்டாமலே கண்ணில் படும்படி 'விளம்பரம்' என்றோ 'ஸ்பான்சர்டு' என்றோ போடுங்கள். முப்பது ஹேஷ்டேக் நடுவில் ஒளித்து வைத்தால் போட்டதாகவே கணக்கில்லை. வீடியோ என்றால் வீடியோவுக்குள்ளேயே வர வேண்டும், கீழே எழுதினால் மட்டும் போதாது. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரை, மீண்டும் செய்தால் 50 லட்சம் வரை அபராதம் போட முடியும்.

கேள்வி: 'காப்புரிமை மீறல், 24 மணி நேரத்தில் உங்கள் பக்கம் நீக்கப்படும்' என்று இன்ஸ்டாகிராம் பெயரில் மெசேஜ் வந்தது. லிங்கைத் தட்டிப் பாஸ்வேர்டும் கொடுத்துவிட்டேன். இன்னும் பக்கம் என்னிடம்தான் இருக்கிறது.
- வாசகி, குரோம்பேட்டை

பதில்: இதைப் படித்த கையோடு பாஸ்வேர்டை மாற்றுங்கள். பிறகு இன்ஸ்டாகிராம் செட்டிங்ஸில் உள்ள அக்கவுன்ட்ஸ் சென்டரில், எந்தெந்தக் கருவியில் உள்ளே இருக்கிறீர்கள் என்ற பட்டியலுக்குப் போய், உங்கள் போனைத் தவிர மற்ற எல்லாவற்றையும் வெளியேற்றுங்கள். மின்னஞ்சலும் போன் எண்ணும் உங்களுடையதுதானா என்று சரிபாருங்கள். திருடர்கள் முதலில் சத்தமில்லாமல் தங்கள் மின்னஞ்சலைச் சேர்த்துவிட்டுக் காத்திருப்பது உண்டு. அதே பாஸ்வேர்டை ஜிமெயிலுக்கும் வைத்திருந்தால் அதையும் மாற்றுங்கள், ஜிமெயில் போனால் எல்லாமே போகும்.

அடுத்து இரண்டடுக்குப் பாதுகாப்பு. எஸ்எம்எஸ்ஸில் வரும் குறியீட்டைவிட, போனிலேயே குறியீடு தரும் ஆதென்டிகேட்டர் ஆப் நல்லது. அப்போது தரும் பேக்கப் கோட் எண்களைப் போனில் ஸ்கிரீன்ஷாட்டாக வைக்காமல் காகிதத்தில் எழுதி பீரோவில் வையுங்கள். கணக்கோடு இணைத்த சிம்மை ரீசார்ஜ் செய்யாமல் விட்டால் அந்த எண் நாளை வேறு ஒருவருக்குப் போய்விடும், அதையும் மறக்காதீர்கள். இனி இப்படி மெசேஜ் வந்தால் லிங்கைத் தொடாமல், செட்டிங்ஸில் இன்ஸ்டாகிராம் சமீபத்தில் அனுப்பிய மின்னஞ்சல்களின் பட்டியலைப் பாருங்கள். அதில் இல்லையென்றால் பொய். உங்கள் பெயரில் யாரிடமாவது பணம் கேட்டுவிட்டார்கள், அவர்களும் கொடுத்துவிட்டார்கள் என்றால் பணம் இழந்தவரை உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழைக்கச் சொல்லுங்கள்.